திருகாணியில் ஒரு சொட்டுச் சிவப்பு

பவர் சப்ளை டப்பாவின் திருகாணி மேல் பெனடிக்ட் சீலாக வைத்த சிவப்பு நகப்பூச்சுச் சொட்டு அப்படியே இருந்தது. அப்படியென்றால் டப்பாவை யாரும் திறக்கவில்லை. கோளாறு தன் வேலையில்தான். இருபது வருஷ மெக்கானிக்குக் கூச்சமாகிவிட்டது.

அவனுடைய பாலக்கரைக் கடையில் ஜோராக ஓடுகிற அந்தப் பழைய கம்ப்யூட்டர், சடகோபன் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் கொண்டுவந்ததும் செத்துப்போகிறது. இது மூன்றாவது முறை. அதனால்தான் இன்று பெனடிக்ட் அவர் வீட்டுக்கே வந்துவிட்டான்.

"எப்படியாவது சரி பண்ணிக் குடுத்துடுங்கோ, பெனடிக்ட்" என்றார் சடகோபன், நாமம் இட்டபோது விரலில் ஒட்டிய சிவப்பு ஸ்ரீசூர்ணத்தை வேட்டியில் தேய்த்துத் துடைத்தபடி. மனுஷனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அவர் மனைவி கோமளா மாமியின் மடியில் ஒரு ஃப்ளாப்பி. முப்பத்தைந்து வருஷத்துக்கு முன் வீட்டை விட்டுப் போய், திரும்பியே வராத மகன் முகுந்தனுடையது. போன மாசம்தான் பரணில் கிடைத்தது. மேலே 'அம்மாவுக்கு' என்று அவன் கையெழுத்து. இந்த மெஷினைத் தவிர வேறு எதுவும் அதைப் படிக்காது. மாமியும் அதை யார் கையிலும் கொடுக்கமாட்டாள்.

"கண்ணுக்கு இன்னும் ரெண்டு மாசம்தான்னுட்டார் டாக்டர். அதுக்குள்ள நானே படிச்சுடணும்ப்பா."

"படிச்சுடலாம் மாமி. பஸ் குலுக்கல்ல ஏதாவது விட்டிருக்கும்."

டப்பாவைத் திறந்தான். உள்ளே சிவப்பு ஒயர் இரண்டு துண்டாகக் கிடந்தது. பிளேடு வைத்த மாதிரி நேர்வெட்டு. எந்தக் குலுக்கலுக்கும் ஒயர் அப்படி அறாது.

பெனடிக்ட் நிமிர்ந்தான். அத்தனை துடைத்தும் சடகோபனின் விரல் நுனியில் சிவப்பு போகவில்லை, திருகாணி மேலிருந்த அதே நகப்பூச்சாகப் பளபளத்தது.

அவன் பார்வை போன இடத்தை அவரும் பார்த்துவிட்டார். "கோமளா, இவருக்குக் காபி கலந்துண்டு வா."

மாமி சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே போனாள். சடகோபன் அவன் காதருகே குனிந்தார்.

"அவன் என்னாலதான் போனான். அது அவளுக்குத் தெரியாது."

பெனடிக்ட் ஒயரின் இரண்டு துண்டையும் கையில் எடுத்தான்.

"இன்னும் ரெண்டே மாசம் இழுங்கோ. அப்புறம் நான்தானே அவளுக்குப் படிச்சுச் சொல்லணும்?"