இரண்டு குழாய் ரத்தம்

"உங்க பையனுக்கு அந்தக் கோளாறு இல்லம்மா. சைமன்ராஜ் பேர்ல வந்த ரத்தத்தை ரெண்டு தடவை சோதிச்சுப் பார்த்துட்டேன்," என்றார் டாக்டர் உமாராணி.

சகாயம்மாள் மாதா படத்துக்குக் கீழே அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. வராமல் என்ன செய்யும், எத்தனை வருஷத்துப் பயம். அவள் புருஷன் தைரியநாதன் மைன்ஸில் ஷிப்டு முடித்து வந்து, சட்டையைக் கழற்றும்போதே சரிந்தவர். அவர் அண்ணனும் அப்படியே, நாற்பதைத் தாண்டவில்லை. தம்பி மட்டும் மயங்கி விழுந்து, பிழைத்துக்கொண்டார்.

அந்தத் தம்பியின் ரத்தத்தில்தான் உமாராணி காரணத்தைக் கண்டுபிடித்திருந்தார். சென்னையில் அவருடைய ஆராய்ச்சியே இதுதான். இதயத் தசையைக் கட்டுகிற ஒரு புரதம் இந்தக் குடும்பத்தில் சிலருக்குப் பிறவியிலேயே கோணலாக அமைந்துவிடுகிறது. தசை தடித்துப்போய், ஒருநாள் துடிப்பு தாறுமாறாகிவிடும். அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

இதைக் கேட்டதிலிருந்து சகாயம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. மகனுக்கு இன்னொரு கவலையும் சேர்ந்துகொண்டது. அவனும் அதே மைன்ஸில் கான்ட்ராக்ட் ஆள், பர்மனென்ட் ஆகிற நேரம். ரத்தத்தை யார் எடுத்தாலும் ரிப்போர்ட் எப்படியாவது ஆபீசுக்குப் போய்விடும் என்பது கான்ட்ராக்ட் ஆட்களின் அசைக்க முடியாத நம்பிக்கை. யாரிடமும் காட்ட மாட்டோம் என்று உமாராணி சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார்.

கடைசியில், கூட்டாளி பாவாடையும் கொடுத்தால் நானும் கொடுக்கிறேன் என்றான் சைமன்ராஜ். பாவாடை காடாம்புலியூரில் முந்திரி வியாபாரம் செய்பவன், இவர்களுக்கு ரத்த உறவே கிடையாது. ஒப்பிட்டுப் பார்க்க வெளி ஆள் ரத்தமும் தேவைதான் என்று உமாராணியும் சம்மதித்தார். சகாயம்மாள் கேன்டீன் டூட்டியில் இருந்த ஒருநாள், புது நர்ஸ் ஒருத்தி வந்து இருவரிடமும் எடுத்துப் போனாள்.

இப்போது சகாயம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"குள்ளஞ்சாவடியில ஸ்டெல்லா அப்பா இந்தச் சேதிக்குத்தான் காத்துகினு இருக்காரு. போன் போட்டுக் கல்யாணத்துக்கு நாள் பாக்கச் சொல்லிடறேன்."

சைமன்ராஜ் முகத்தில் சிரிப்பே இல்லை.

"கொஞ்சம் பொறும்மா," என்றவன் டாக்டரிடம் திரும்பி, பாவாடை ரிசல்ட் என்ன ஆயிற்று என்று கேட்டான்.

சகாயம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்ல சேதி வந்த நேரத்தில் அது எதற்கு, அவன் குண்டுக்கல் மாதிரிதானே இருக்கிறான் என்றாள். ஒருவர் ரிசல்ட்டை இன்னொருவரிடம் சொல்லக்கூடாது என்று உமாராணியும் தயங்கினார். வாசலில் நின்றிருந்த பாவாடைதான் உள்ளே எட்டிப் பார்த்தான்.

"சொல்லுங்க மேடம். அவன் கேட்டா நான் கேட்டாப்லதான்."

உமாராணி பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். சைமன்ராஜ் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"பாவாடைக்கும் ஒண்ணும் இல்லப்பா."

சைமன்ராஜ் குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தான். பாவாடை ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டு தானும் அழுதான்.

"இப்ப போடும்மா போனை," என்றான் சைமன்ராஜ், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

சகாயம்மாள் அசந்துபோனாள். தனக்கு ஒன்றுமில்லை என்றபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத பிள்ளை, கூட்டாளிக்காக இந்த அழுகை அழுகிறான். என் பையன் மனசைப் பார்த்தீங்களா என்று டாக்டரிடம் பெருமைப்பட்டுவிட்டு, காப்பி போட உள்ளே போனாள்.

அவள் தலை மறைந்ததும் பாவாடை டாக்டரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"மன்னிச்சிடுங்க மேடம். பர்மனென்ட் கைவிட்டுப் போயிடும்னு பயந்துகினு, அன்னிக்கு நர்ஸ் பேர் கேட்டப்ப நான் சைமன்ராஜுன்னேன், இவன் பாவாடைன்னுட்டான்."