வெளியாள் சாட்சி

“இந்த கேட்டுக்கு முன்னால தடுப்பு வந்தே தீரும் சார். மூணு மாசத்துல ரெண்டு விபத்து” என்றார் மாநகராட்சிப் பொறியாளர் வினிதா.

“வராதும்மா” என்றார் ஏசுதாஸ்.

மைசூரில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வரலாறு நடத்தி ஓய்வு பெற்ற ஆசிரியர் அவர். இப்போது கத்தோலிக்கக் கோயிலின் பங்குப் பேரவைச் செயலாளர். கோயிலின் முன்வாசலை அடைத்துச் சாலை நெடுகக் கம்பித் தடுப்பு போடப்போகிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து பதினோரு மனுக்கள் எழுதிவிட்டார். ஒவ்வொன்றிலும் பத்திகளுக்கு எண் உண்டு, அடிக்குறிப்பு உண்டு. மாநகராட்சி கன்னடத்தில் அனுப்பிய நான்கு பதில்களையும் சிவப்பு மையால் திருத்தி, மதிப்பெண் போடாத குறையாகத் திருப்பி அனுப்பியிருந்தார்.

“சமாதானமா போயிடலாமே” என்று பங்குத் தந்தை டேவிஸ் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

“போறதுக்குத்தான் ஃபாதர் வழி கேக்கறேன்.”

வீம்பு என்று பங்கு மக்களே சிலர் சொன்னார்கள். ஆனால் போன மாதம் ஜூலி டீச்சர் இறந்தபோது, சாலை வேலைக்காரர்கள் வாசலைக் கயிறு கட்டி மறித்திருந்தார்கள். சவ வண்டியைச் சந்திப்பிலேயே நிறுத்தி, ஹாரன் அடிக்கும் பேருந்துகளுக்கு நடுவே பெட்டியைத் தோளில் தூக்கி வர வேண்டியிருந்தது. முன்பக்கம் தோள் கொடுத்தவர் ஏசுதாஸ். இனி ஒருவருக்கும் இப்படி நேரக்கூடாது என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டார்.

“பின்னால ஒரு கேட்டு இருக்கே சார். மேப்புல காட்டுது” என்றார் வினிதா.

“மேப்புல கேட்டு இருக்கும். தரையில சுவர் இருக்கு. நாங்க தரையிலதான் பூசை வைக்கிறோம்.”

வினிதாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். “சுவரை இடிச்சிட்டு அந்த வழியா வாங்க.”

“பம்பு மோட்டார் திருடு போச்சு, அதனால கட்டினது. இடிச்சாலும் அந்தச் சந்து ஆறடிதான். சவ வண்டி நுழையாது. அளந்து ஒன்பதாவது மனுவுல குடுத்திருக்கேன். இணைப்பு மூணு.”

வினிதா பெருமூச்சு விட்டார். “சரி சார். முப்பது வருஷமா ஜனங்க விடாம நடந்த வழின்னு தெரிஞ்சா, தடுப்புல இடைவெளி விடலாம்னு கமிஷனர் சொல்லிட்டார்.”

“சரியாச் சொல்றார். தனியார் நிலம்னா இருபது வருஷம், அரசாங்க நிலம்னா முப்பதுன்னு சட்டமே இருக்கு” என்று ஏசுதாஸ் கமிஷனரைப் பாராட்டினார்.

“ஆனா உங்க பங்கு ஆளுங்க சொன்னா எடுபடாது. அவங்க உங்க பக்கம்தானே பேசுவாங்க?”

இந்தக் கேள்விக்காகத்தான் அவர் காத்திருந்தார். மர நிழலில் நின்றிருந்த ஒரு பெண்மணியைக் கைகாட்டி அழைத்தார்.

“கெம்பம்மா. கோயிலுக்கு அந்தப் பக்கம் குடியிருக்காங்க. ஹனூர்க்காரங்க. மாரியம்மனைக் கும்பிடறவங்க. எங்க பதிவேடு எதுலயும் இவங்க பேர் கிடையாது. இவங்க சொன்னா எடுபடுமா?”

ஆஸ்பத்திரித் துப்புரவு வேலைக்கான நீலச் சேலையோடு கெம்பம்மா வந்து நின்றார்.

“எத்தனை வருஷமாம்மா இந்த கேட்டு வழியா போறீங்க?” என்று வினிதா கேட்டார்.

“கண்ணாலம் பண்ணி இங்க வந்த நாள்லேருந்துங்க. என்ற பெரிய பையனுக்கே முப்பத்தஞ்சு ஆச்சு.”

“தினமுமா?”

“காத்தால ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியில நிக்கோணுங்க. இந்த கேட்டைத் தாண்டினா எதுத்தாப்புல பஸ்ஸு. பையன் பொறக்கறப்ப வலி எடுத்துச்சுங்களே, அன்னிக்கும் இப்படித்தான் நடந்து வந்தேன். அப்ப இருந்த சாமியாரு ஆட்டோ புடிச்சு ஏத்திவுட்டாரு.”

“யாரும் தடுத்ததில்லையா?”

“இந்த கேட்டுல ஒருத்தரும் தடுத்ததில்லீங்க.”

வினிதா எழுதிக்கொண்டே வந்தவர் நிமிர்ந்தார். “இப்பவும் போறீங்களா? நடுவுல விட்டுப்போயிருந்தா செல்லாது. யோசிச்சுச் சொல்லுங்க.”

கெம்பம்மா ஏசுதாஸைப் பார்த்தார். அவர் வெயிலில் நெற்றியைத் துடைத்தபடி இணைப்பு மூன்றைத் தேடிக்கொண்டிருந்தார்.

“போறேனுங்க. நேத்துகூடப் போனேன்.”

எழுதியதைப் படித்துக் காட்டி, கெம்பம்மாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார் வினிதா. “ஆயித்து சார். பன்னெண்டு அடி இடைவெளி விடச் சொல்லி இன்னிக்கே எழுதிடறேன்.”

ஜீப் கிளம்பிப் போனது. ஏசுதாஸுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

“ஒரு கோயிலையே காப்பாத்திட்டீங்க கெம்பம்மா. இந்த வெயில்ல எதுக்கு ரோட்டைச் சுத்தணும்? எப்பவும்போல உள்ளயே நடந்து வீட்டுக்குப் போங்க.”

“எப்படிங்க சார் போறது? பின்னால நீங்க செவுரு வெச்சு மூணு வருஷம் ஆகுதுங்களே. அன்னிலேருந்து எங்க சந்துல இருவது வீடும் மார்க்கெட் ரோட்டைச் சுத்தித்தான் போறோம். உங்களாட்டம் மனு எழுத எங்களுக்கு வரலீங்க.”

ஏசுதாஸ் பின்சுவர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தார். “அப்போ... நேத்துகூடப் போனேன்னு சொன்னீங்களே?”

“பொய்தானுங்க” என்று கெம்பம்மா முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு நடந்தார். “வழியை அடைச்சா எப்படி இருக்கும்னு எங்களுக்குத் தெரியுமுங்களே.”