பாலத்து விளம்பரப் பலகை

பரிசோதனை முடிவு காலையில்தான் கைப்பேசிக்கு வந்திருந்தது. வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் நிதானமாகச் சொல்லலாம் என்று சாந்தாமணி அடக்கி வைத்திருந்தாள். துரைசாமியோ அவசரத்தில் ஸ்கூட்டரை ரயில்வே பாலத்துப் பக்கம் திருப்பிவிட்டான்.

 அந்தப் பாலத்து விளம்பரப் பலகை, கீழே சாலையில் நிற்பவர் யாரென்று கைப்பேசியை வைத்தே கண்டுகொண்டு, பேரைப் போட்டு, அவரவருக்கு வேண்டியதைக் காட்டும். மூன்று வருடம் முன்பு அவள் வாய் திறக்கும் முன்பே அப்பாவாகப் போகிறாய் என்று துரைசாமிக்கு வாழ்த்துச் சொன்னது அதுதான். கரு கலைந்த பிறகும் நான்கு மாதம் அவள் பேரைப் போட்டுத் தொட்டில் காட்டிக்கொண்டே இருந்தது. அதிலிருந்து இருவரும் அந்தப் பக்கமே வராமல் ஊரைச் சுற்றித்தான் போய்வந்தார்கள்.

சிக்னல் சிவந்தது. சாந்தாமணி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அட, போர்டு அணைஞ்சு கெடக்குது" என்றான் துரைசாமி.

பக்கத்தில் நின்ற போக்குவரத்துக் காவலர் சிரித்தார். "பாலம் எங்களுதுங்குது ரயில்வே. ரோடு எங்களுதுங்குது மாநகராட்சி. போர்டு யாருக்குக் கட்டுப்படோணும்னு கேஸுங்க. தீர்ப்பு வர்ற வரைக்கும் எரியக்கூடாதுன்னு கோர்ட்டுல சொல்லிப்போட்டாங்க."

"தீர்ப்பு எப்பங்க வரும்?" சாந்தாமணி மெல்லக் கேட்டாள்.

"வாய்தா மேல வாய்தா வாங்கறாங்க. பத்து வருசமாச்சும் ஆகுமுங்க."

வாய்தாவைக் கேட்டு மனம் குளிர்ந்தவள் அந்த ஊரிலேயே அவளாகத்தான் இருப்பாள். கணவனின் காதருகே சாய்ந்தாள்.

"பத்து வருசமாமுங்க. அதுக்குள்ள நம்ம புள்ள நாலாவது படிக்கும்."

பச்சை விழுந்தது. பின்னால் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள். ஸ்கூட்டர் நகரவேயில்லை.