மூன்று மொழி அறிந்த பலகை

மழைக்காட்டில், பயணிகளை ஓடைக்கு அப்பாலேயே நிறுத்திவந்த மலைக்குடி வழிகாட்டி கரியனை விலக்கிவிட்டு, 'அமைதி காக்கவும்' என்றொரு பலகையை வனத்துறையார் நட்டார்கள். அன்றே கூட்டம் ஓடையைக் கடந்து, இருவாச்சிப் பறவை கூடுகட்டிய மரத்தடியில் கூச்சலிட்டது.

பொந்தின் வாயை அடைத்துக்கொண்டு உள்ளே அடைகாக்கும் மனைவி பசியால் வாட, பழத்தோடு வந்த ஆண் இருவாச்சி இறங்க அஞ்சியது. "பலகையாரே, இவர்களை அனுப்பிவையுங்கள். கரியன் இருந்தால் அனுப்பியிருப்பான்" என்று கெஞ்சியது.

"மூன்று மொழிகளில் சொல்லிக்கொண்டுதானே நிற்கிறேன்? உன் கரியனுக்குக் கையெழுத்தாவது வருமா?" என்றது பலகை. அதன் தலைமீது யாரோ மழைச்சட்டையைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

"எனக்கும் வராது, ஐயா" என்று சொல்லிய அட்டைப்பூச்சி, புல்நுனியிலிருந்து தன் சுற்றத்தோடு பயணிகளின் காலுறைகளுக்குள் புகுந்தது. சற்று நேரத்தில் கூட்டம் அலறியடித்துக்கொண்டு ஓடியது. இருவாச்சி மனைவிக்குப் பழம் ஊட்டியது.

அவர்கள் மறந்துவிட்டுப்போன மழைச்சட்டைக்குள்ளிருந்து பலகை செருமிக்கொண்டு சொன்னது: "பார்த்தாயா, தாமதமானாலும் படித்துவிட்டார்கள்."