வளைந்த கோடு

“யாரைக் கேட்டு சார் வாய்க்கால் கோட்டை மாத்துனீங்க?”

கோகிலா போட்ட சத்தத்தில் வடிகால் திட்ட அலுவலகமே திரும்பிப் பார்த்தது. தட்டச்சு செய்துகொண்டிருந்த எழுத்தர் தியாகுவின் விரல்கள் அப்படியே நின்றன. மேசைக்குப் பின்னால் இருந்த பொறியாளர் பொன்னுதுரை மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“முதல்ல இருங்கோ அம்மா. இருந்து கதைப்பம்.”

“நான் உட்கார வரல. காலையில உங்க ஆளுங்க வந்து முளைக்குச்சியைப் பிடுங்கி வேற பக்கமா அடிச்சிட்டுப் போறாங்க. ஏன்னு கேட்டா மேலிடத்து உத்தரவாம். எந்த மேலிடம்? நீங்கதானே?”

பின்னால் நின்ற மருதமுத்து மனைவியின் முழங்கையைத் தொட்டான். “போதும் வா லா, போகலாம். ஆபீசர்கிட்ட இப்படியா பேசறது?”

“நீங்க சும்மா இருங்க.”

காஜா பேராங் கம்பத்தில், அந்தச் சிறு ஊரில், மழைக்கு மழை வெள்ளம். போன மழையில் பக்கத்து வீட்டு சுல்தானாவின் இரண்டு வயது மகனை வாசலிலேயே தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகுதான் ஆறு வரைக்கும் பெரிய லோங்காங் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடிக்க அரசாங்கம் முன்வந்தது. வெட்டினால் வழியில் நிற்கும் வீடுகள் போகும். கம்பத்தில் ஒருவரும் சம்மதிக்கவில்லை. வீடு வீடாக ஏறி இறங்கி அவர்கள் மனத்தை மாற்றியது கோகிலாதான். “இன்னொரு புள்ளையைத் தூக்கிக் குடுக்கறதுக்கு வீட்டைக் குடுத்துடலாம்” என்று அவள் சொன்னதைக் கேட்டு, முறைத்துக்கொண்டு நின்றவர்கள்கூடத் தலையசைத்தார்கள்.

அந்த சுல்தானா இப்போது அலுவலக வாசலில் நின்று ஓசையில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். கோகிலாதான் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்திருந்தாள்.

“கூட்டத்துல நீங்க என்ன சொன்னீங்க சார்? ஒரு திட்டம்னா மூணு கேள்வி கேக்கணும். யாருக்கு நன்மை, யாரு தலையில சுமை, முடிவு யாரு கையில. மெர்டேக்கா கிடைச்சு நாடு சுதந்திரமாயிருச்சு, இனிமே உங்களைக் கேக்காம ஒண்ணும் நடக்காதுன்னு சொன்னீங்களா இல்லையா? அதை நம்பித்தானே அத்தனை பேரும் கையைத் தூக்குனாங்க?”

“சொன்னனான். இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனா திட்டம் எண்டால் அங்க இங்க கொஞ்சம் நெளிஞ்சுதான் போகும். வாய்க்கால் வருகுதுதானே? வெள்ளம் நிக்கப் போகுதுதானே? பொதுநலம் எண்டு பார்த்தால் இதில ஒரு குறையும் இல்லை.”

“பொதுநலமா? வெள்ளைக்காரனும் நம்மளைக் கேக்காமத்தான் கோடு போட்டான் சார். ஆனா கேட்ட மாதிரி நடிக்கல!”

பொன்னுதுரையின் முகம் கறுத்தது.

தியாகு பக்கத்து மேசைக்காரரிடம் சொல்வதுபோல, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான். “ஊரான் வீட்டை இடிக்கணும்னா நல்லாத்தான் பேசுவாங்க. தன் வீடுன்னு வந்தாத்தானே தெரியும்.”

கோகிலாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் தியாகு அவசரமாகக் குனிந்து தட்டச்சில் விரலை வைத்தான்.

அந்த வீடு மருதமுத்து கட்டியது. லாரி ஓட்டாத நாளிலெல்லாம் பலகை அறுத்து, தன் கையாலேயே ஆணி அடித்து எழுப்பியது. அவர்களுடைய பிள்ளைகள் மூவரும் அங்கேதான் பிறந்தார்கள். காலையில் கோடு மாறியதைப் பார்த்ததும் அவன் உள்ளே போய், பலகைச் சுவரில் உள்ளங்கையைப் பதித்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். அதை நினைத்தபோதும் கோகிலாவுக்குக் கோபம் மட்டும் இறங்கவில்லை.

“கோகிலா,” மருதமுத்துவின் குரல் கெஞ்சியது. “ஊருக்கு நீ செஞ்சது போதும். இனிமேலாவது நம்ம வீட்டைப் பாரு.”

“நம்ம வீட்டைப் பத்தித்தாங்க பேசிக்கிட்டிருக்கேன்.”

அவன் அவள் கண்ணைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தான்.

பொன்னுதுரைக்குப் பொறுமை போய்விட்டது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

“கடைசியா கேக்கிறன். உங்களுக்கு என்னதான் வேணும்?”

“பழைய கோடு வேணும். ஊர் கூடி ஒத்துக்கிட்ட கோடு. அது இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகரக்கூடாது.”

“உங்களுக்கென்ன விசரா?” பொன்னுதுரை மேசையை ஓங்கி அடித்தார். “உங்கட வீடு தப்பட்டும் எண்டுதானே கோட்டையே வளைச்சனான்! எங்களுக்காக அத்தனை பேரோடயும் கதைச்சு சம்மதம் வாங்கித் தந்தீங்கள், அந்த நன்றிக்கு! கோடு பக்கத்து வீட்டுக்கு மேலால போனாலும் அந்தப் பொம்பிளை வாய் திறக்க மாட்டா எண்டு நினைச்சன்...”

கோகிலா வாசலுக்குப் போய் சுல்தானாவை உள்ளே அழைத்து வந்து தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள்.

“இவ வீட்டைத் தொடாதீங்க சார். முதல்ல என் வீட்டை இடிங்க.”