கீலில் மிஞ்சிய ஒரு துளை

டப்பாவில் இரண்டே திருகாணிகள் மிச்சம்: ஒன்று உருண்டைத்தலை, மற்றது சப்பட்டைத்தலை. வாசல் கதவுக் கீலில் ஒரே ஒரு துளை மிச்சம். போகாதது டப்பாவிலேயே துருப்பிடிக்க வேண்டியதுதான் என்று உருண்டைத்தலைக்குத் தெரியும்.

“நான்தான் போவேன். என் தலை மினுக்கைப் பாரு! நீ சப்பட்டை, அமுங்கிட்டா எவன் கண்ணுக்குடா தெரிவே?” என்று சீறியது.

“அந்தத் துளை கிண்ணமாட்டம் குழிஞ்சிருக்குண்ணே,” என்றது சப்பட்டைத்தலை. “அமுங்கத்தான் கூப்பிடுது.”

அதற்குள் தச்சரின் விரல்கள் டப்பாவுக்குள் வந்தன. உருண்டைத்தலை முண்டியடித்து ஏறிக்கொண்டது. மாப்பிள்ளைக்கு நலங்கு வைப்பதுபோல் அவர் அதைச் சோப்பில் தேய்த்தார். மணக்க மணக்க, சுழன்று சுழன்று, கனவில் இறங்குவதுபோல் மரத்துக்குள் இறங்கியது. தலை மட்டும் வெளியே துருத்திக்கொண்டு நின்றது.

கதவைச் சாத்தினார். இரண்டு விரல் இடைவெளியில் முட்டி நின்றது.

“மண்டையை உள்ள இழுய்யா! என் ரெண்டு றெக்கையும் ஒட்ட மாட்டேங்குது!” என்று கத்தியது கீல்.

தச்சர் உருண்டைத்தலையைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, சப்பட்டைத்தலையை முடுக்கினார். கதவு சத்தமில்லாமல் வந்து சாத்திக்கொண்டது.

ஜன்னலிலிருந்து உருண்டைத்தலைக்கு மேகம், தென்னை, ஊர் எல்லாமே தெரிந்தது.

“டேய், அங்க உனக்கு என்னடா தெரியுது?”

“ஒண்ணும் தெரியலண்ணே.” கதவிடுக்கிலிருந்து குரல் மிதந்து வந்தது. “ஆனா, கதவு முழுக்க என்னைப் பிடிச்சுக்கிட்டுத் தூங்குது.”