கோழிக்கறியில் உப்பு

"கோழிக்கறியா இது? கடலையே கரைச்சு ஊத்தி வச்சிருக்கா!"

மாமியார் காறித் துப்பியது அடுப்படிச் சுவரில் போய் விழுந்தது. கெலிஓயா வீட்டு வாசலில், பாசிக்குடா கடற்கரைக்குப் புறப்பட வேன் தயாராக நின்றது.

"ருசி வேணும்னா ரிசோர்ட்டுல ஆள் வச்சுச் சமைச்சுக்குங்க மாமி," என்றாள் லோஜினி.

"அப்ப ஒன்னைய எதுக்குக் கூட்டிட்டுப் போறோம்? அங்க கிச்சன் இருக்கு. எல்லாருக்கும் நீதான் ஆக்கிப் போடணும்."

"ஒங்க மகளுக்குக் கை இல்லையா?"

"அவ ஓய்வெடுக்க வர்றா!"

புருஷன் யோகராஜ் பாய்ந்து வந்தான். "அம்மாவையே எதுத்துப் பேசுறியா? மன்னிப்புக் கேளு. இல்லாட்டி வேன்ல ஏறாத!"

"ஏறலைங்க. தாராளமாப் போயிட்டு வாங்க!"

"கெட, தனியாக் கெடந்து சாவு!" கறிச்சட்டியைக் காலால் தள்ளிவிட்டு மாமியார் வேனில் ஏறினாள்.

வேன் மறைந்ததும் லோஜினி கேற்றைப் பூட்டினாள். பேசினில் வெந்நீர் ஊற்றி, பாக்கெட்டில் மிச்சமிருந்த உப்பையும் கொட்டினாள். கதிரையில் சாய்ந்து உட்கார்ந்து, இரண்டு காலையும் அதற்குள் விட்டாள்.

மடியில் சின்னச் சட்டி ஒன்று இருந்தது. விடியலிலேயே தனியாக எடுத்து அலுமாரிக்குள் ஒளித்து வைத்திருந்த கோழிக்கறி.

ஒரு துண்டை வாயில் போட்டாள். உப்பு அளவாக இருந்தது.